லைன் கிளியர்

லைன் கிளியர் என்று சொன்னது நீதான். நான் இல்லை, நீ. உன் வாயால், போனில், இன்று காலை ஏழே முக்காலுக்கு. காலேஜ் மைதானத்தில் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் நின்று, செவ்வந்தி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, உதிர்த்த இதழா காம்போடு கிடக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தேன். காம்பு இருந்தால் கலசத்தில் ஒட்டாது, சனங்கள் தலையில் கல் மாதிரி விழும். குறிச்சிப்பாறை வயர்மேன் என்று கோயில் கமிட்டியில் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அடித்தேன், எடுத்தாய். பேர் கேட்கவில்லை. "லைன் கிளியர்ணே" என்றாய். கம்பி விஷயத்தில் வயர்மேன் வார்த்தைக்கு மேல் யார் வார்த்தையை நம்புவது? அதை நம்பித்தான் இந்தத் தகர டப்பாவின் பின்சீட்டில், கதவைக் கழற்றிவைத்த பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில், இரண்டு தொடைக்கும் நடுவே கடைசிப் பூ மூட்டையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் வலது பக்கம் கேப்டன் ஜெயசிங், ஓட்டுகிறவர். இடது பக்கம் கமிட்டித் தலைவர் அருணகிரி, ஏறினதிலிருந்து இறங்கப்போகிறவர் மாதிரியே நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கீழே பாறையடி அம்மன் கோயில், புதுப் பெயின்ட் அடித்த கோபுரம், ஏழு கலசம், சாரத்து மேல் குடத்தோடு குருக்கள்மார், சுற்றிலும் தலை தலை தலை. இரண்டு சுத்து முடிந்துவிட்டது. இரண்டு சுத்திலும் ஒரு இதழ்கூடக் கலசத்தில் விழவில்லை. மேற்கிலிருந்து அடித்த காற்று எல்லாவற்றையும் அள்ளிக் கிழக்கே குளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. மூன்றாவது சுத்துக்கு இப்போது வண்டி குளத்தைத் தாண்டிப் போய், மூக்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை காற்றுக்கு எதிராக, குளத்தின் மேலாக, தாழ்வாக வரப்போகிறோம். குளத்தின் மேலாக. உன் லைன் குளத்தின் மேலாகத்தானே போகிறது. போகட்டும். கிளியர் என்று சொல்லிவிட்டாயே. சொன்னாய்தானே?

நான் கத்தினாலும் முன்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் கேட்காது. மேலே சுற்றுகிற விசிறி மண்டைக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி இருக்கிறது. அவர்கள் காதில் ஹெட்செட் இருக்கிறது, பேசிக்கொள்கிறார்கள், தலைவரின் தாடை அசைவது பின்னாலிருந்து தெரிகிறது. எனக்கும் ஒரு ஹெட்செட் உண்டு. கேப்டன் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது, கை நீட்டினால் எட்டும். போட முடியாது. தலையில் பரிவட்டம். குருக்கள் காலையில் மந்திரம் சொல்லி இறுக்கிக் கட்டிய பட்டு. அதற்கு மேல் ஹெட்செட் உட்காராது. ஏறும்போது கேப்டன் சொன்னார், "அந்தத் துணிய எடுத்து மடியில வச்சிட்டு இதப் போடும் வே." எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். முப்பது வருஷம் எத்தனை கோயில் வாசலில் நின்றிருப்பேன், குழல் ஸ்பீக்கர் கட்டினேன், சீரியல் பல்பு கட்டினேன், வாழை மரம் கட்டினேன், பந்தல் கட்டினேன், எனக்கு ஒருத்தனும் ஒன்றும் கட்டவில்லை. பந்தியில் கடைசி இலையில், "மைக்செட்காரன் சாப்பிட்டானாப்பா" என்று யாரோ யாரிடமோ கேட்பது காதில் விழும். பேர் கிடையாது. மைக்செட்காரன். இந்தக் கோயிலில்தான் முதல் தடவையாக நான் வாயைத் திறந்து கேட்டேன். ஹெலிகாப்டரில் பூத் தூவக் கான்ட்ராக்ட் பேசின அன்று, தலைவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, "பேசினது ரெண்டு சுத்து, நான் மூணாவதா ஒண்ணு போட்டுத் தர்றேன், மரியாதை கட்டும்போது எனக்கும் கட்டணும்" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "பரஞ்சோதி சாமிகிட்டயே பேரம் பேசுவான்யா" என்று சிரித்தார். சிரித்தாலும் கட்டினார்கள். ஆக, இந்தச் சுத்து இருக்கிறதே, இது பரிவட்டத்துக்குப் போடுகிற சுத்து. தலையில் இருக்கிற இரண்டு முழத்துக்கு. அதை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு கீழே இருக்கிற சனத்துக்கு வெறும் தலையைக் காட்டவா? அதனால் எனக்கும் கேப்டனுக்கும் தோளில் தட்டுகிற கணக்கு மட்டும்தான். ஒரு தட்டு, மூட்டை காலி, போகலாம். இரண்டு தட்டு, இன்னொரு சுத்து. வேறு தட்டு ஒன்றும் நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

லைன் கிளியர்ணே. இல்லை, அப்படி மொட்டையாக நீ சொல்லவில்லை. "லைன் கிளியர் வாங்கியாச்சுண்ணே, ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும்" என்றாய். வாங்கியாச்சு. அந்த வார்த்தை இப்போதுதான் வந்து இடறுகிறது. வாங்கியாச்சு என்றால் மேலதிகாரியிடம் கேட்டுக் கரண்டை நிறுத்தி வாங்கியாச்சு. அது எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வயசிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதானே. நானும் என்னோடு மைக்செட் வேலை பார்த்த மருதனும் ஒரு மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு மழை ஈரத்தில் சவுக்குக் கம்பு நட்டோம், நுனியில் குழல் ஸ்பீக்கர். நான் அடியைப் பிடித்திருந்தேன், அவன் நடுவை. கம்பு சாய்ந்து மேலே போன கம்பியில் போய் உரசியது, அவ்வளவு மெதுவாக, மாடு சுவரில் உரசுகிற மாதிரி. மருதன் கம்பை விடவில்லை, கம்பு மருதனை விடவில்லை. என்னைத் தூக்கி எறிந்துவிட்டது. அதன் பிறகு ஏழு நாள் என் இடது கை உணர்வில்லாமல் தனியாகக் கிடந்தது, இன்றைக்கும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துத்தான் கிடக்கின்றன, சூடான டம்ளரைப் பிடித்தால் மற்ற மூன்று விரலும் சொன்னால்தான் தெரியும். மருதனின் அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குள் நுழைந்தாலும் நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்பது, கரண்டு இருக்கா? இருந்தால் அது எமன். இல்லையென்றால் வெறும் கம்பி, கொடிக்கயிறு. என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுவதே பழைய அலுமினியக் கம்பியில்தான், வயர்மேன் ஒருத்தன் கொடுத்தது, அதில் என் பேத்தியின் சட்டை ஆடிக்கொண்டிருக்கும். கரண்டை நிறுத்தியாச்சா, அத்தோடு கம்பியை நான் மறந்துவிடுவேன், முப்பது வருஷமாக அப்படித்தான், ஒரு நாளும் தப்பினதில்லை. நிறுத்தியாச்சு என்று நீ சொன்னாய், நானும் மறந்துவிட்டேன். பிறகு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறது, ஓட்டை வழியே பார்த்தால் தரையே சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது, வயல், களம், ஒரு டிராக்டர், பனை. இரண்டு விரலும் மரத்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. கரண்டு இல்லாத கம்பி ஒரு ஆளை ஒன்றும் செய்யாது. ஒரு ஆளை. ஆள் கம்பியை வேகமாகப் போய் முட்டுகிறதில்லையே. ஹெலிகாப்டர்? ஹெலிகாப்டருக்குக் கம்பியில் கரண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சீ, என்ன நினைப்பு இது. சாப்பிட்ட இட்லி சரியில்லை. இட்லிக் கடையில்தான் கேப்டன் அந்தக் கதையைச் சொன்னார். பட்டாளத்தில் ஓட்டினவர், நாகர்கோவில் பக்கம், மீசையை மட்டும் கறுப்பாக வைத்திருக்கிறார். வடக்கே ஏதோ மலை. மேலே வெட்டின விறகைக் கீழே இறக்க ஊர்க்காரர்கள் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருந்தார்களாம். "எந்த வரைபடத்துலயும் கெடையாது வே. எங்கூட ஓட்டினவன், நல்ல கெட்டிக்காரன், அதுலதான் போனான். கம்பி மேல விசிறியில நூல்கண்டு மாதிரி சுத்திக் கெடந்திச்சி. கம்பியப் பாக்க முடியாது, பாத்துக்கிடும். புதுசுன்னா மின்னும். வயசான கம்பி வானத்து நெறத்துக்கு வந்துரும், பாறைக்கு முன்னால பாறை நெறத்துக்கு வந்துரும். அதனால நாங்க கம்பியத் தேட மாட்டோம், போஸ்டத் தேடுவோம். ஒரு போஸ்டக் கண்டா, இன்னொரு போஸ்டு எங்கன்னு கண்ணு போவும். ரெண்டயும் கண்டாத்தான் நடுவுல என்ன உண்டுன்னு மனசுல வரஞ்சிக்கிடலாம்." நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன். அப்போது மனசு பரிவட்டத்தில் இருந்தது, கட்டுவார்களா, கடைசி நேரத்தில் கழுத்தறுப்பார்களா என்று. அந்தக் கம்பியில் கரண்டா ஓடியது? விறகுக் கம்பி. அதில் ஒரு மண்ணும் ஓடவில்லை. அந்த மனுஷன் என் இலைக்கு நேரே உட்கார்ந்து, எனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கிறார், நான் சட்னி கேட்டிருக்கிறேன். பிறகு மைதானத்துக்கு வந்து, "மொதல்ல ஒரு ரவுண்டு சும்மா ஒசரத்துலயே போய் எடத்தப் பாத்துட்டு வந்திரணும், பூவு கீவு ஒண்ணும் வேண்டாம்" என்றார். நான் விடுவேனா? "நேரம் இல்ல கேப்டன், முகூர்த்தம் ஒம்பதே முக்காலுக்கு ஆரம்பிச்சு பத்தேகாலோட முடியுது." "முகூர்த்தம் சாமிக்கு. கம்பிக்கு முகூர்த்தம் உண்டா வே?" என்றார். பேசினேன். பேச்சுத்தானே என் தொழில். பார்க்கிற ரவுண்டை வெட்டினேன். கடைசியில் அவர், "செரி, கம்பி உண்டா இல்லியா அத மட்டும் சொல்லும்" என்று வந்து நின்றார். அங்கேதான். அந்த இடத்தில்தான் மனசு போய்ப் போய் இடிக்கிறது. நான் என்ன சொன்னேன்? "ஒரே ஒரு லைன், குளத்து மேல. வயர்மேன்கிட்டப் பேசிட்டேன். லைன் கிளியர்" என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன், ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை. கேப்டன் முகம் மலர்ந்து போனது. அவருக்குக் கிளியர் என்றால் வேறு. வானம் கிளியர், பாதை கிளியர், ஒன்றுமில்லை என்று அர்த்தம். இருந்தாலும் பட்டாளத்துக்காரர், விடவில்லை, திரும்பக் கேட்டார். "கிளியர்னா? கம்பியக் கழத்தியாச்சா?" கேட்டார். கேட்டார்தானே? கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. ம் என்றேனா? கோயில் ஆள் ஒருத்தன் ஓடி வந்து, "குருக்கள் கூப்புடறார், பரிவட்டம்" என்றான். திரும்பினேன். திரும்பிக்கொண்டே ஏதோ சொன்னேன். ஏதோ ஒன்று, எப்போதும் சொல்கிற ஒன்று.

வண்டி நேராகிவிட்டது. மூக்கு மேற்கே. முதுகுக்குப் பின்னால் வெயில், முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் கோபுரம், கோபுரத்துக்குத் தெற்கே பெரிய பாறை, யானை படுத்த மாதிரி. தலைவர் திரும்பி என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே கீழே என்று அமுக்கிக் காட்டுகிறார். கீழே. கேப்டனிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். வயிறு லேசாக மேலே எழும்புகிறது, இறங்குகிறோம். குளத்தில் பூ மிதக்கிறது, இரண்டு சுத்துப் பூவும் மஞ்சள் பாய் விரித்த மாதிரி. விசிறிக் காற்றில் தண்ணீர் சிலிர்க்கிறது. படித்துறையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கையாட்டுகிறார்கள். ஹெலிகாப்டரைப் பார்த்தால் சனம் கையாட்டும், கிழவன் கிழவி போலீஸ்காரர் எல்லோரும் ஆட்டுவார்கள், ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட நான் திரும்ப ஆட்டாமல் இருந்ததில்லை. கரையில் மாடு மேய்க்கிற பொம்பளை ஆட்டுகிறாள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருத்தர் ஆட்டுகிறார். பனை மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் ஆட்டுகிறான். நானும் மரத்துப்போன கையைத் தூக்கி ஆட்டுகிறேன். தலையில் பட்டு இருக்கிறது, தெரியட்டும். அந்த ஆள் ஏன் பனை உயரத்தில் இருக்கிறான்? பனையேறியாக இருக்கும். கும்பாபிஷேகத்தன்று எவன் பனை ஏறுகிறான்? அது பனை இல்லை. பனைக்கு உச்சியில் மட்டை இருக்கும், இதற்கு இரும்புக் கை இருக்கிறது, அதில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் குப்பிகள் தொங்குகின்றன. சாம்பல் நிறக் கம்பம், பனைகளோடு பனையாக. இடுப்பில் பெல்ட், இடுப்பில் சிவப்புத் துண்டு, தலையில் மஞ்சள் தொப்பி, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு இன்னொரு கையை ஆட்டுகிறான். ஆட்டவில்லை. தள்ளுகிறான். மாட்டை விரட்டுகிற மாதிரி, போ போ போ என்று தள்ளுகிறான். நீ. அது நீ. மீதி எல்லாம் அப்போதுதான் என் காதுக்குள் வந்து விழுகிறது, காலையில் நான் கேட்காத மாதிரி கேட்டுவிட்டு உதறின மீதி. "லைன் கிளியர் வாங்கியாச்சுண்ணே, ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும். சும்மாதான கெடக்கு லைனு, இந்தச் சாக்குல நானும் கரைக் கம்பத்துல ஏறி ரெண்டு குப்பி மாத்திடறேன். ஹெலிகாப்டரு அந்தப் பக்கம் வராதுல்லண்ணே?" கேட்டாய். நீ கேட்டாய். கேட்கவேண்டியதை ஒருத்தன் ஒழுங்காகக் கேட்டான் என்றால் அது நீதான். அதற்கு நான் சொன்னது இப்போது வருகிறது, கேப்டனுக்குச் சொன்னதும் கூடவே வருகிறது, இரண்டும் ஒன்றுதான், ஒரே வாக்கியம், முப்பது வருஷமாக நான் சோறு தின்கிற வாக்கியம். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.

கம்பம் ஒன்று இங்கே. இன்னொன்று எங்கே? கேப்டன் சொன்னபடி கண் போகிறது. பாறை மேல், உச்சிக்குச் சற்றுக் கீழே, இரும்புக் கால்கள். நடுவில் முன்னூறு நானூறு அடிக்கு ஒன்றுமே இல்லை, வெறும் பாறை நிறம், வெறும் வெளிச்சம், அதற்குள் கேப்டனின் மூக்குக்கு நேராக அது தொங்குகிறது, எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அவர் கண் கோபுரத்தில் இருக்கிறது, கலசத்துக்குக் குறி பார்க்கிறார், நான் கேட்ட மாதிரி, தலைவர் கேட்ட மாதிரி. தோளில் தட்டினேன். ஒன்று. அது போகலாம். இரண்டு, அது இன்னொரு சுத்து. மூன்று நாலு அஞ்சு என்று தட்டினேன், அவர் திரும்பாமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார், பூவைக் கொட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, தலைவர் வேறு சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். கம்பிக்கு என்று ஒரு தட்டு நாங்கள் வைக்கவில்லை. ஹெட்செட். கொக்கியிலிருந்து பிடுங்கினேன், தலையில் வைத்தால் பட்டு மேல் வழுக்குகிறது. பிடரியில் குருக்கள் போட்ட முடிச்சு, சாமிக்கே போட்ட முடிச்சு, மரத்த விரலுக்கு அது முடிச்சா தோலா என்று தெரியவில்லை. இழுத்தேன். முடியோடு வந்தது. கதவோட்டைக் காற்று உடனே அதைப் பிடித்தது, பாம்பு மாதிரி வெளியே எகிறியது, கேப்டன் காலையில் நூறு தடவை சொன்னது அதைத்தான், பூவைத் தவிர ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது, வால் விசிறியில் துணி சிக்கினால் கம்பியே தேவையில்லை. நுனியைப் பிடித்து இழுத்துச் சுருட்டித் தொடைக்கு அடியில் திணித்தேன். பரிவட்டத்தின் மேல் உட்கார்ந்தேன். ஹெட்செட் மாறிப் போய் மைக் காதுப் பக்கம் கிடக்கிறது, அதைப் பிடித்து வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டு கத்தினேன். "கேப்டன், கம்பி! கழத்தல! கழத்தவே இல்ல!" அவர் ஏன் என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்கவில்லை. சீட்டு என்னை மேலே அடித்தது, குடல் கீழே தங்கிவிட்டது, பூ மூட்டை உருண்டு என் மார்பில் மோதியது, கோபுரம் முன்கண்ணாடியிலிருந்து கீழே போய் வானம் மட்டும் இருந்தது. ஓட்டை வழியே கீழே பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் கம்பியை. மூன்று. வண்டியின் கால் தண்டுக்குக் கீழே, ஒரு ஆள் கை நீட்டினால் தொடுகிற தூரம், வெயில் மேலிருந்து பட்டதால் தெரிந்தது, மூன்று கோடு, துணி போடாத கொடிக்கயிறு மாதிரி சும்மா கிடந்தது. விசிறிக் காற்றில் ஆடியது. அதன் முனையில் நீ கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்திருந்தாய், தொப்பி இல்லை, சிவப்புத் துண்டு மட்டும் படபடத்தது, கம்பமே ஆடிய மாதிரி இருந்தது. விழுந்துவிடாதே, விழுந்துவிடாதே என்று யாரோ கத்தினார்கள். மைக் இன்னும் என் வாயில்தான் இருந்தது.

வண்டி அகலமாகச் சுற்றி உயரத்துக்குப் போகிறது. நீ விழவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விழவில்லை. ஒரு கையை எடுத்து எங்களைப் பார்த்து விரலை விரித்துக் காட்டுகிறாய், என்னய்யா இது என்று கேட்கிற கை, அது இங்கேயிருந்துகூடத் தெரிகிறது. ஹெட்செட்டில் தலைவர் குரல் முதலில் வந்தது. "என்ன கேப்டன், கலசத்துக்கு நேரா வந்துட்டுத் தூக்கிட்டீங்க? மூட்டை அப்படியே இருக்கு. மீனுக்கா கும்பாபிஷேகம் பண்றோம்?" கேப்டன், "தலைவரே, கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் பேசாதயும்" என்றார். பிறகு, "பரஞ்சோதி" என்றார். வே இல்லை. வெறும் பேர். "கிளியர்னீரே." என் வாய் தானாகத் திறந்தது. அதெல்லாம் என்று பாதி வந்துவிட்டது. அதெல்லாம் வயர்மேன் சொன்னது, அதெல்லாம் அவன் சொன்ன வார்த்தை, எனக்கென்ன தெரியும், இறங்கினதும் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் பாருங்கள் என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது, ஏறினதிலிருந்து உன்மேல் வைக்கக் கட்டி வைத்திருந்த வழக்கு. எவ்வளவு நல்ல வழக்கு. நான் பேசினால் ஜெயித்துவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது. ஜெயித்தால் நாளைக்கு உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள், நீ தொப்பியில்லாத தலையோடு நின்று, "லைன் கிளியர்னுதான் சொன்னேன், அது சரிதான்" என்று சொல்வாய், ஒருத்தனுக்கும் விளங்காது. கம்பை நட்ட அன்று மருதன் என்னிடம் கேட்டான். மேல பாத்துட்டியாடா என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா? "கேப்டன், கழத்தல. கழத்தியாச்சான்னு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு நான் சொல்லலை" என்றேன். "ம்" என்றார். வண்டியை இன்னும் உயர்த்திக்கொண்டே, "அந்தப் போஸ்டுல நின்னவனப் பாத்தீரா?" என்றார். "பாத்தேன்." "எனக்கு அவன் தெரியல்ல வே. கலசத்துப் பளபளப்புல ஒண்ணுமே தெரியல்ல." தலைவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார், கம்பி என்ற வார்த்தை அவருக்கும் இப்போதுதான் போய்ச் சேர்ந்தது போல. தொடைக்கு அடியில் பட்டு சூடாக இருக்கிறது. எடுக்கவில்லை.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன், இறங்கினதும் தரையில் நின்று சனத்துக்கு முன்னாலும் சொல்கிறேன், மைக்கும் நம்முடையதுதான். இப்போது உன் பங்கு. நீ சொன்னதில் தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சரியாகச் சொன்னதோடு உன் வேலை முடிந்துவிட்டது என்று இறங்கிவிடாதே. நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூஜைக்கு இந்தத் தலைவர் வேறொருத்தனைப் பிடித்து வேறொரு வண்டியைக் கூட்டிவருவார், எனக்கு அவரைத் தெரியும். அந்த வண்டிக்காரனுக்கு உன் நம்பர் இருக்காது. அந்தக் கம்பியும் அதே பாறை நிறத்தில் அங்கேயேதான் இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பந்து கட்ட வேண்டும் என்று நீயும் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருப்பாய், ஆபீஸில் கிடக்கும், கிடக்கட்டும், அது வருகிறபோது வரட்டும். நீ மேலே இருக்கிறாய். இப்போது மணி பத்து எட்டு. பத்தரை வரைக்கும் அதில் கரண்டு இல்லை என்று நீதானே சொன்னாய். எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேரமும் இல்லாமல் கேட்கிறேன். இடுப்பிலிருக்கிற அந்தச் சிவப்புத் துண்டை அவிழ். எட்டுகிற தூரத்தில், எட்டுகிற கம்பியில், இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டு. அது பறப்பதை இங்கேயிருந்து நான் பார்க்க வேண்டும், கேப்டன் பார்க்க வேண்டும், இனி வருகிறவன் எவனோ அவன் பார்க்க வேண்டும். கட்டு. அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.